வாசற்படி வரை வரும் சட்டம்



சட்டம் என்று சொன்ன அளவில் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றுவது சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே நிற்கும் அந்தச் செந்நிற மாளிகைதான். 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய நம் உயர்நீதிமன்றம் 1892 முதல் அங்கே நடைபெற்று வருகிறது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமும் எரிந்தது. நடுக்கடலில் வரும் மாலுமிக்கு நெருக்கமாகத் தெரிந்த அம்மாளிகை, ஊருக்குள் இருக்கும் நமக்கு மட்டும் ஏனோ எட்டாத தொலைவாகவே பட்டு வந்திருக்கிறது. "கோர்ட்டுப் படி ஏறாமலே காலத்தைக் கழித்துவிட்டேன்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் முதியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். படி ஏறாதது உண்மையாக இருக்கலாம்; சட்டத்தைத் தொடாமல் ஒரு நாளேனும் கழித்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. அவர்கள் அதைத் தேடிப் போகாவிட்டாலும், அது அவர்கள் வாசற்படி வரை நாள்தோறும் வந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பொழுது விடியுமுன் வாசலில் வந்து விழும் பால் உறையையே எடுத்துக்கொள்வோம். அதன்மேல் அளவும் விலையும் நாளும் அச்சாகியிருக்கின்றன. அவை வணிகர் மனமுவந்து எழுதியவை அல்ல. எழுதியே ஆகவேண்டும் என்பது சட்டம். உணவில் கலப்படம் செய்வதைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1918லேயே ஒரு சட்டம் செய்தது. விடுதலைக்குப் பின் 1954இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது நிற்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம்.

இவ்விடத்தில் ஸ்காட்லாந்து நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1928இல் பெய்ஸ்லி என்ற ஊரில் ஓர் ஏழைப் பெண்மணிக்கு அவருடைய தோழி ஒரு புட்டி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தாள். பாதி குடித்தபின் புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாம், அப்பெண்மணி நோயுற்றார். பணம் கொடுத்து வாங்கியவள் தோழியே. ஆகவே பானம் செய்தவனுக்கும் குடித்தவருக்கும் எவ்வித ஒப்பந்தமும் இல்லை. அப்படியிருக்க அவன் இவருக்கு ஏன் பொறுப்பாளி ஆகவேண்டும்? இக்கேள்வி பிரபுக்கள் சபை வரை சென்றது. 1932இல் ஆட்கின் பிரபு விடை சொன்னார்: நம் செயலால் யாருக்குக் கேடு நேரக்கூடும் என்று நியாயமாக எண்ணிப்பார்க்க வேண்டுமோ, அவரெல்லாம் சட்டத்தின் கண்ணில் நம் அண்டை வீட்டார், அவர்பால் நமக்குக் கடமை உண்டு. நம் நாட்டு நீதிமன்றங்களும் இக்கருத்தை ஏற்றுக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், புட்டியில் நத்தை இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை மெய்ப்பிக்கப்படவே இல்லை. எதிரி இறந்துபோகவே வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. இருந்ததோ இல்லையோ, அந்த நத்தை உலகெங்கும் ஊர்ந்து வந்துவிட்டது.

பாலுக்கு அடுத்தது அரிசி. இப்போது கிலோ என்று கேட்டு வாங்குகிறோம். உங்கள் பாட்டனார் காலத்தில் படி என்றார்கள், மரக்கால் என்றார்கள். எண்ணெய்க்கு ஆழாக்கு, புளிக்கு வீசை, மிளகுக்குப் பலம். எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. வாய்பாடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டணம் படி வேறு, மற்ற ஊர்ப் படி வேறு. குவித்து அளப்பது ஒரு கணக்கு; தலைதட்டி அளப்பது ஒரு கணக்கு. உழவனிடமிருந்து நெல்லை வாங்கும்போது குவித்து அளந்து, கூலிக்காரனுக்குக் கொடுக்கும்போது தலைதட்டும் கைகள் எல்லா ஊரிலும் இருந்தன. நஷ்டம் எப்போதும் ஒரு பக்கத்தையே சேர்ந்தது.

இதை அரசர்கள் அறியாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகள், நெல்லை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் அளக்கவேண்டும் என்று குறிப்பிடுகின்றன. இறைவன் பெயரையே அளவுக்கு இட்டால் அளப்பவன் கை சற்று நடுங்கும் என்று கருதினார்கள் போலும்! குடியரசு வேறு வழியை மேற்கொண்டது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு நீங்கி, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. 1956இல் செய்த எடை அளவுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாகக் கடைகளுக்குள் புகுந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை யார் விடுவது? எத்தனையோ கடை வாசல்களில் இந்தச் சச்சரவு நடந்தது. புதிய கணக்கைப் பள்ளிச் சிறுவர்கள்தாம் முதலில் கற்றார்கள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களே. இன்று கடைத் தராசையோ எடைக்கல்லையோ நீங்கள் கூர்ந்து பார்த்தால் அதில் அரசாங்க முத்திரை இருக்கவேண்டும். இல்லாத தராசில் நிறுப்பது 2009ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பார்த்து வாருங்கள்.

இனி நாம் குடியிருக்கும் மனைக்கு வருவோம். நந்தனத்தை எடுத்துக்கொள்கிறேன்; ஏனெனில் இவ்வூர் சட்டத்தின் வயிற்றில் பிறந்த ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நூறாண்டுக்கு முன் நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. ஆங்கிலேயர் அதை 'நீண்ட ஏரி' என்றே வழங்கினர். 1915இல் பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னையில் ஒரு நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். ஊரைக் கண்டபடி வளரவிடாமல் வகுத்து வளர்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்போது பரவியது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதைத் தொடர்ந்து மாம்பலம் ஏரி நீர் வடிக்கப்பட்டு, அங்கே தியாகராய நகர் எழுந்தது. நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை ஊர் பெற்றது. பனகல் அரசர் பெயரைப் பூங்கா பெற்றது. ஏரி போன இடத்தில் 'ஏரி' என்ற சொல் மட்டும் சில தெருப்பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நகர மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயருக்குரிய முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் சி.ஐ.டி. நகர் என்கிறோம். துப்பறியும் போலீசாருக்கும் அந்த நகருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன் இந்த ஐயத்தைக் கேட்கத் தவறுவதில்லை. அதன் அருகே அமைந்த குடியிருப்பு 1952இல் உருவானபோது நடந்தது தமிழ் ஆண்டு வரிசையில் நந்தன ஆண்டு. அதைக் கொண்டே முதலமைச்சர் இராஜாஜி 'நந்தனம்' என்று பெயரிட்டார் என்பர். 1961இல் வீட்டு வசதி வாரியச் சட்டம் வந்தபோது, மேம்பாட்டு அமைப்பின் பணி அவ்வாரியத்தின் கைக்குச் சென்றது. நீண்டகாலம் வாரியத்தின் தலைமை அலுவலகம் நந்தனத்திலேயே இருந்தது.

இப்படி வகுத்த ஊருக்கு மனை எங்கிருந்து வரும்? ஒருவரிடமிருந்து எடுத்துத்தான் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும். பொதுக் காரியத்துக்காக நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது 1894ஆம் ஆண்டின் சட்டம். நிலத்துக்கு உரியவன் விலையைப் பற்றி வழக்காடலாம். கொடுக்கமாட்டேன் என்று சொல்லி வெல்வது மிக அரிது. பட்டா இல்லாமல் அந்நிலத்தில் உழைத்துப் பிழைத்தவனுக்கோ அச்சட்டத்தில் பேச்சே இல்லை. நூற்று இருபது ஆண்டு கழித்து, 2014 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் அவனையும் ஒரு கணக்கில் சேர்த்தது. அகன்ற சாலையும் நிழல் மரமும் உள்ள ஒரு நகரில் நடந்து செல்லும்போது, அந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்பது வரலாறு படிக்கும் மாணவனுக்கு அழகு.

நிலத்தைப் பற்றிச் சென்னைக்கே உரிய ஒரு சட்டம் உண்டு. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழம்பகுதிகளில் மனை ஒருவருடையதாகவும் அதன்மேல் உள்ள வீடு வேறொருவருடையதாகவும் இருப்பது பழைய வழக்கம். மனைக்குச் சிறு தொகை வாடகை. அதன்மேல் தன் கைப்பொருளில் ஒரு வீடு. அதில் பிள்ளை, பேரன் என்று தலைமுறைகள். வாடகை ஒழுங்காகக் கொடுக்கும் வரையில் யாரும் எழுப்பமாட்டார்கள் என்பது நம்பிக்கை. பத்திரத்தில் இல்லாத நம்பிக்கை! முதல் உலகப்போரை ஒட்டி நகரில் நிலவிலை ஏறியது. மனைக்காரர்கள் "இடத்தைக் காலி செய்" என்றனர். வீட்டைப் பிரித்து மரத்தையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். சுவரை எப்படி எடுத்துக்கொண்டு போவது?

1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடையாக வந்தது. மனைக்காரர் வெளியேற்ற விரும்பினால் கட்டடத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்றது. அத்துடன் நிற்கவில்லை. வெளியேற்ற வழக்குப் போட்டால், குடியிருப்பவர் நீதிமன்றத்தை அணுகி, "நியாயமான விலையை நீங்களே குறியுங்கள், இம்மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம் என்றது. நிலத்தோடு ஒட்டியது நிலத்துக்காரனுக்கே சேரும் என்பது ஆங்கிலேயரின் பழஞ்சட்டக் கொள்கை. அதற்கு நேர்மாறாக, வீட்டுக்காரனிடம் நிலம் போய்ச் சேரலாம் என்று அவர்கள் ஆட்சியிலேயே ஒரு மாகாணச் சட்டசபை சொன்னது வியப்பன்றோ? பின்னர் இச்சட்டத்தில் பல திருத்தங்கள் புகுந்தன. கோயில்களுக்கும் பிற அறநிலையங்களுக்கும் உரிய மனைகள் 1996இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் இதிலிருந்து விலக்கப்பட்டன. தெய்வத்தின் சொத்து கைநழுவக் கூடாது என்பது ஒரு நியாயம். அதே மனையில் முப்பாட்டன் கட்டிய வீட்டில் இருப்பவன் எங்கே போவான் என்பது இன்னொரு நியாயம். மயிலையில் இவ்விரண்டும் இன்றும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கின்றன. என்னைக் கேட்டால், மனைக்கு ஏற்ற வாடகையும் குடிக்கு நிலைத்த உரிமையும் சேர்ந்து கிடைக்க ஒரு வழி காண்பதே முறை. ஒரு பக்கத்தை முழுதும் வெல்லவிடுவது முறையாகாது.

வாடகை வீடுகளுக்கு 1960ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் காவலாக இருந்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகவும் வேண்டும் என்கிறது. வாய்ச்சொல்லை நம்பிக் குடிபோகும் காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

கூரையிலிருந்து இறங்கும் குழாயைப் பற்றியும் ஒரு சொல். 2003இல் தமிழ்நாடு அரசு ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேகரித்து நிலத்துக்குள் இறக்கவேண்டும் என்று அவசரச் சட்டம் செய்தது. 1920களில் ஏரியை வடித்த அதே பகுதிக்கு, எண்பது ஆண்டு கழித்து, நீரைப் பிடித்து வை என்ற கட்டளை! 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து சைதாப்பேட்டையிலும் சி.ஐ.டி. நகரிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, பழைய ஏரியை நினைத்துக்கொண்டவர்கள் பலர்.

வீட்டுக்குள்ளும் சட்டம் வருமா என்று கேட்பீர்கள். வந்தது, அதற்கு எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பெண்ணின் திருமண வயது பதினான்கு என்று வைக்கவே பெரும் போராட்டம் வேண்டியிருந்தது. சென்னைச் சட்ட மேலவையில் இருந்து அதற்காகவும், தேவதாசி முறையை ஒழிக்கவும் வாதாடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அவர் நிறுவிய அவ்வை இல்லம் அடையாற்றில் இருக்கிறது. புரோகிதர் இன்றி மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் தீர்ப்பு வந்தது. எத்தனை தாய்மார்களின் நிலை, எத்தனை பிள்ளைகளின் பெயர் அந்த ஒரு சொல்லில் தொங்கின என்பதை எண்ணிப் பாருங்கள்! அண்ணா முதலமைச்சரானபின் 1967இல் நிறைவேறிய திருத்தம், அதற்குமுன் நடந்த அத்தகைய மணங்களையும் சேர்த்துச் செல்லும்படி செய்தது. 1989இல் தமிழ்நாடு, குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் உரிமை தந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று.

இனி உழைப்பவனின் கதை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு பெரிய நெசவாலைகள் இருந்தன. நீண்ட வேலை நேரம்; குறைந்த கூலி; நண்பகலில் நிம்மதியாக உண்ணக்கூடப் போதிய இடைவேளை இல்லை. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் முயற்சியால் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவரானார். ஆசிரியப் பணியை விட்டுப் பத்திரிகைக்கு வந்திருந்த திரு.வி.க. துணை நின்றார். தொழிலாளர்க்கு அவர் பேசிய செந்தமிழ் புரியுமா என்று ஐயுற்றவர்கள் உண்டு. அது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

1920இன் இறுதியில் ஆலை கதவடைத்தது. நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடர்ந்தது. குற்றச்சாட்டு யாது? தொழிலாளிக்கும் ஆலைக்கும் உள்ள ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார் என்பது. அக்காலச் சட்டத்தின்படி அது பொருந்தாத வழக்கு என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 1906லேயே தொழிற்சங்கங்களுக்கு இத்தகைய வழக்கிலிருந்து காப்பு அளித்திருந்தார்கள். அதே ஆங்கிலேயர் ஆண்ட நம் நாட்டில் அக்காப்பு இல்லை. நீதிமன்றம் வாடியாவுக்குத் தடையாணை பிறப்பித்தது. பின்னர் ஏற்பட்ட சமரசத்தின்படி அவர் சங்கத்தை விட்டு விலகினார்.

ஒரு தலைவரை விலக்கிய அவ்வழக்கு நாடு முழுவதும் கண்களைத் திறந்துவிட்டது. கூடிப் பேசி "வேலைக்குப் போகவேண்டாம்" என்று முடிவு செய்வதே சதியாகுமானால், சங்கம் என்று ஒன்று இருந்து பயன் என்ன? 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் அச்சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்ற சங்கத்தாரை அத்தகைய வழக்குகளிலிருந்து காத்தது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்பில் இச்சட்டமும் சேர்க்கப்பட்டது.

கடைசியாக, உங்களுக்கு நேரே தொடர்புடையது: கல்லூரியில் ஓர் இடம். சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிடும் அரசாணை ஒன்று இருந்தது. பதினான்கு இடம் என்றால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, அரிசனங்களுக்கு இரண்டு, பிராமணர்க்கு இரண்டு, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்கும் சேர்த்து ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஏட்டைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு வாயில் திறந்த ஆணை அது. 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. மதம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டும் காரணம் காட்டி அரசுக் கல்லூரியில் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்றது அதன் 29ஆம் உறுப்பு. அவ்வாண்டே இருவர் உயர்நீதிமன்றத்தை நாடினர். ஒருவர் செண்பகம் துரைராசன். மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பியவர். மற்றவர் சீனிவாசன், நந்தனத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். அவருக்காக வாதாடியவர், அரசியலமைப்பை வரைந்தவர்களுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.

இருவரும் வென்றனர். அரசு உச்சநீதிமன்றம் சென்றது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாக அரசாணை செல்லாது என்றனர். தமிழ்நாடு கொதித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். இரண்டரை மாதம் கழிவதற்குள், 1951 ஜூன் 18இல், அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினரின் முன்னேற்றத்துக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15ஆம் உறுப்பில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது.

தனி ஒருவருக்குரிய உரிமையை மட்டும் பார்த்தால் நீதிபதிகள் எழுதியதில் பிழை காண்பது கடினம். எந்தச் சேரியிலிருந்து எந்தப் பிள்ளை முதன்முதலாக உயர்நிலைப்பள்ளி வாயிலுக்கு வந்தான் என்று பார்த்திருப்பவர்களுக்கு, அந்தத் திருத்தம் இன்றி நாடு நடந்திருக்க முடியாது என்பதும் தெரியும். என் மனம் திருத்தத்தின் பக்கமே நிற்கிறது. ஆயினும் தீர்ப்பையும் நீங்கள் படிக்கவேண்டும். அது சில பக்கங்களே. எளிய ஆங்கிலத்தில் உள்ளது. எந்தப் பெரிய நூலகத்திலும் கிடைக்கும். அதில் ஒரு வரி உங்களை வியக்கச் செய்யும். செண்பகம் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பமே செய்யவில்லை. விசாரித்துப் பார்த்து, பயனில்லை என்று எண்ணி நின்றுவிட்டார் என்பதை நீதிபதிகளே அங்கே குறித்திருக்கிறார்கள். விண்ணப்பம் செய்யாதவர் வழக்கை ஏன் கேட்டார்கள், எந்தக் காரணத்தால் அதைத் தள்ளாமல் விட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்து, உங்கள் வரலாற்று ஆசிரியரிடமோ குடிமையியல் ஆசிரியரிடமோ சொல்லிப் பாருங்கள்.